சீலிங்கில் பதித்த லைட்டா? கடைக்கு ஓட முன் மேலே பாருங்கள்

எங்கள் வீட்டு ஹோலில் பதினாறு பனல் லைட் இருந்தது. இப்போது ஒன்பதுதான். கிளிநொச்சிக்குப் பக்கத்தில், பரந்தனில் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது கனடாவில் இருக்கிற அண்ணா போனில் ஒரு படம் அனுப்பி, ஹோல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். சீலிங் அடிக்க வந்தவரும் படத்தைப் பார்த்து எண்ணி எண்ணி ஓட்டை வெட்டித் தந்துவிட்டார், ஆனால் அந்தப் படத்து வீட்டுக்கு மேலே என்ன கூரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே ஓடு. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே பனஞ்சிலாகை, புழுதி, எலி, அணில், மாரியில் ஒழுக்கு, வைகாசி ஆனியில் சூளை வெக்கை. இந்த லைட்டுகளின் முதுகு முழுக்க அங்கேதான் கிடக்கிறது. நாங்கள் கீழே நின்று அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏன் பழுதாகிறது என்று யோசிக்கிறோம்.

நான் வயரிங்காரன் இல்லை. வயரிங் வேலை செய்கிற மச்சானுக்கு ஏணி பிடித்தும் வயர் நீட்டியும் பழகியவன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஏழு லைட்டைக் கழற்றி, அக்கம்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கழற்றி மூடியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன அறிகுறியோ அந்த இடத்துக்கு நேரே போய்ப் படியுங்கள், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

கை வைக்க முன்

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அந்த லைட்டின் சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டு ஏணியில் ஏறுகிற ஆட்கள்தான் அதிகம், அது போதாது. சில வீடுகளில் கரண்ட் வருகிற லைன் வயரைச் சுவிச் வெட்டாமல், திரும்பிப் போகிற நியூட்ரலை வெட்டுகிற மாதிரிக் கொடுத்திருப்பார்கள். லைட் அணைந்திருக்கும், ஆனால் மேலே 230 வோல்ட் அப்படியே நிற்கும். வேறு சுவிச்சுக்குப் போகிற வயரும் அதே ஓட்டைக்குப் பக்கத்தால் ஓடலாம். இன்வேட்டர், ஜெனரேட்டர், பற்றரியோடு சோலர் இருக்கிற வீடு என்றால் அதையும் நிறுத்த வேண்டும், மெயினை நிறுத்தினால் தானாகவே ஓடத் தொடங்கக்கூடிய சாமான் அது.

கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற ரெஸ்ரரை நம்ப ஒரு முறை இருக்கிறது. மெயினை நிறுத்த முன் கரண்ட் இருக்கிற பிளக் ஒன்றில் வைத்துப் பாருங்கள், எரிய வேண்டும். நிறுத்திய பிறகு லைட் வயரில் வையுங்கள், எரியக் கூடாது. பிறகு மெயினைப் போட்டுத் திரும்பவும் அதே பிளக்கில் வைத்து ரெஸ்ரர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை மறுபடி நிறுத்தி வேலையைத் தொடங்குங்கள். மினக்கேடுதான். செத்த ரெஸ்ரரை நம்பிக் கை வைப்பதை விட இது நல்லது.

வயரின் நிறத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். பழைய வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல்; புதியதில் பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் எர்த். ஆனால் கையில் இருந்த துண்டு வயரை வைத்து வேலையை முடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

சீலிங்குக்கு மேலே ஏறுவதென்றால் விடிய ஏழு மணிக்குள் ஏறுங்கள். மத்தியானம் ஏறினால் தலை சுற்றும். கால் வைப்பது தீராந்தியில் மட்டும், சீலிங் தட்டில் வைத்தால் நேரே ஹோலுக்குள் வந்து விழுவீர்கள். குளவிக்கூடு இருக்கிறதா, பாம்புச் செட்டை கிடக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடம்பை உள்ளே விடுங்கள்.

லைட்டைக் கழற்றுவது சின்ன வேலை. பனல் லைட்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கொளுக்கி இருக்கும். ஒரு பக்க விளிம்பை ஒரு இஞ்சி கீழே இழுத்து, இடைவெளிக்குள் விரலை விட்டு ஸ்பிரிங்கை மேல்நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். கையை விட்டால் எலிப்பொறி மாதிரி அடிக்கும், நகம் கறுத்துப்போகும். எடுத்த லைட்டை வயரில் தொங்க விடாதீர்கள், ஒரு ஆள் கீழே நின்று பிடிக்கட்டும்.

எரிகிறது, பத்து நிமிடத்தில் அணைகிறது, பிறகு தானே வருகிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் காண்கிற வருத்தம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பனல் லைட் ஒன்றில் இரண்டு சாமான் இருக்கிறது. கீழே தெரிகிற வட்டத் தட்டு, மேலே தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. அந்தப் பெட்டிதான் ட்றைவர். 230 வோல்ட்டை எடுத்து எல்ஈடிக்கு வேண்டிய டீசி கரண்ட்டாக மாற்றுவது அதன் வேலை. எல்ஈடி இலேசில் சாகாது, சாவது ட்றைவர்தான். அதற்குள் இருக்கிற கப்பாசிற்றர் வெக்கையில் காய்ந்துபோகும். வெக்கை 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணு வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கிற பொதுக் கணக்கு. ஓட்டுக்குக் கீழே, அதை விட மோசமாகச் சீட்டுக்கோ தகரத்துக்கோ கீழே, பகல் முழுக்க வெந்து கிடந்த பெட்டியைப் பின்னேரம் ஆறரைக்குப் போட்டால் அது ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். எரியத் தொடங்கியதும் இன்னும் சூடாகிறது, ஒரு கட்டத்தில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது, ஆறியதும் மறுபடி வருகிறது.

தட்டா, ட்றைவரா என்று கண்டுபிடிக்க மீற்றர் தேவையில்லை. மெயினை நிறுத்தி, இந்தத் தட்டைப் பக்கத்தில் நன்றாக எரிகிற அதே வகை லைட்டின் ட்றைவரில் மாட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே சின்னக் கொளுக்கி இணைப்பு இருக்கும், இழுத்தால் கழரும். மெயினைப் போட்டு அரை மணித்தியாலம் எரிய விடுங்கள். தட்டு ஒழுங்காக எரிந்தால் பழையது ட்றைவர் பழுது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கொளுக்கியைக் கழற்றி மாட்டக் கூடாது, எரியாமல் நின்ற ட்றைவரின் வோல்ட்டேஜ் ஏறி நிற்கும், மாட்டியவுடன் நல்ல தட்டையும் கொன்றுவிடும். நான் ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

ட்றைவர் மட்டும் தனியாக விற்கிறார்கள். வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். "12 வாட் ஒன்று தாங்கோ" என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டாம். பெட்டியில் வெளியே போகிற கரண்ட் மில்லி அம்பியரில் எழுதியிருக்கும், 280 என்றோ 300 என்றோ. அது புதியதிலும் அதே அளவாக இருக்க வேண்டும். வோல்ட்டேஜ் ஒரு வீச்சாக எழுதியிருக்கும், பழையதில் உள்ள வீச்சு புதியதற்குள் அடங்கினால் சரி. மில்லி அம்பியர் கூடியதைப் போட்டால் லைட் முன்னை விடப் பளிச்சென்று எரியும், வீட்டில் எல்லோரும் சந்தோசப்படுவார்கள், கொஞ்ச நாளில் தட்டும் கருகும்.

புதியதைப் போட்டுவிட்டு அதைத் தட்டின் முதுகிலேயே வைத்து மூடிவிட்டு வந்தால் திரும்பவும் இதே கதைதான். ட்றைவரைத் தட்டிலிருந்து வயர் எட்டுகிற தூரம் தள்ளி, சிலாகையில் ஒரு ஆணியோ கிளிப்போ வைத்துத் தொங்க விடுங்கள். தட்டுக்கு மேல் யாராவது பழைய சாக்கு, ரெஜிபோம், வெக்கைக்கென்று போட்ட பஞ்சு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் செத்தவை மேற்குப் பக்கத்து மூன்று. பின்னேர வெயில் கூரையின் அந்தச் சரிவில்தான் கடைசி வரைக்கும் நிற்கிறது. அந்த மூன்று ஓட்டைக்கும் ட்றைவர் மாற்றுவதை விட்டுவிட்டு மூடியே விட்டேன். இரண்டாவது தரமும் அதே இடத்தில் செத்தால் மூன்றாவதற்குக் காசு கொட்ட வேண்டாம் என்பது என் எண்ணம்.

எல்லாமே சேர்ந்து துடிக்கிறது

ஒன்று மட்டும் துடித்தால் மேலே சொன்ன ட்றைவர் வருத்தம். எல்லாம் ஒரே நேரத்தில் துடித்தால் லைட்டில் பிழை இல்லை, லைட்டை மாற்றாதீர்கள்.

கிணற்று மோட்டர் போடும்போது மட்டும் ஒரு தரம் மங்கி வந்தால் அது வோல்ட்டேஜ் விழுவது. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், வயல்கரையில் கடைசிக் கம்பத்தில் இருந்து கரண்ட் எடுக்கிற வீடுகளுக்கு இது பழகிய விசயம். அடுத்த முறை ட்றைவர் வாங்கும்போது உள்ளே வருகிற வோல்ட்டேஜ் 85 முதல் 265 வரை என்று எழுதியதைத் தேடுங்கள், 220 முதல் 240 வரை மட்டும் என்று எழுதியதை விட இது தாக்குப்பிடிக்கும்.

மோட்டருக்கும் துடிப்புக்கும் சம்பந்தமில்லை, நினைத்த நேரம் துடிக்கிறது, கச்சான் காற்று அடிக்கிற நாளில் கூடுதலாகத் துடிக்கிறது என்றால் எங்கோ ஒரு மூட்டு இளகிவிட்டது. இது பயப்பட வேண்டிய ஒன்று. சீலிங்குக்கு மேலே வயரை முறுக்கி ரேப் சுற்றி விட்டிருப்பார்கள், வெக்கையில் ரேப்பின் பசை உருகி ஒழுகி, சுற்று அவிழ்ந்து, செம்பு வெளியே தெரிய நிற்கும். இளகிய மூட்டில் சூடு பிடிக்கும். கருகிய மணம், மஞ்சளாய்ப் போன பிளாஸ்ரிக், இரண்டில் எது கண்டாலும் அன்றைக்கே மெயினை நிறுத்திவிட்டு வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஸ்குரூ வைத்து இறுக்குகிற கொனெக்ரரில், மூடியுள்ள பெட்டிக்குள் மூட்ட வேண்டும். லைட்டுக்கு ஓடுகிற வயர் 1/1.13 தான், அதாவது 1.13 மில்லிமீற்றர் குறுக்களவில் ஒற்றைக் கம்பி, மெல்லியது. இறுக்கும்போது அளவுக்கு மீறி முறுக்கினால் உள்ளே முறிந்துவிடும்.

வீட்டு மெயின் போட்டிலேயே துடித்தால், அயல் வீட்டிலும் துடித்தால், அது கம்பத்து வேலை. கரண்ட் தருகிற நிறுவனத்துக்கு அறிவியுங்கள், நீங்கள் ஒன்றும் தொட வேண்டாம்.

அணைத்த பிறகும் பேய் மாதிரி மங்கலாக எரிகிறது

அம்மம்மா இதைப் பார்த்துவிட்டு அந்த அறையில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சுவிச்சில் இருட்டில் தெரிகிறதற்கென்று ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் இருக்கிறதா? அதுதான் காரணம். அந்தச் சின்ன வெளிச்சம் எரிய ஒரு துளி கரண்ட் லைட் வழியாகத்தான் ஓட வேண்டும். பழைய குண்டு பல்ப்புக்கு அது உறைக்காது, எல்ஈடிக்கு அந்தத் துளி போதும், மங்கலாக எரியும், அல்லது சில விநாடிக்கு ஒரு தரம் மின்னி மறையும். வெளிச்சம் இல்லாத சாதாரண சுவிச் மாற்றினால் நிற்கும்.

சுவிச் சாதாரணம்தான், ஆனாலும் எரிகிறது என்றால் முதலில் சொன்ன நியூட்ரல் கதையாக இருக்கலாம். சுவிச்சை நிறுத்திவிட்டு லைட் வயரில் ரெஸ்ரர் வைத்தால் நன்றாக எரிகிறதா? சுவிச் நியூட்ரலை வெட்டுகிறது. இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், மங்கல் வெளிச்சத்துக்காக இல்லை, நாளைக்குப் பல்ப் மாற்ற ஏறுகிற பிள்ளைக்காக. மெயின் போட்டில் வயர் மாறியிருந்தால் வீடு முழுக்க அப்படித்தான் இருக்கும், ஆகவே ஒரு சுவிச்சில் கண்டால் எல்லாச் சுவிச்சையும் பாருங்கள்.

மழை பெய்தால் ட்றிப் விழுகிறது

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் எல்லாம் திறந்த அந்த மழையில்தான் எங்களுக்கு இது தொடங்கியது. இரவு பத்து மணிக்கு ட்றிப், அதாவது கரண்ட் கசிந்தால் வெட்டுகிற மெயின் போட்டுச் சுவிச், விழுந்தது, தூக்கினால் நிற்கவில்லை. விடியப் பார்த்தால் முகட்டு ஓடு ஒன்று விலகி, தண்ணீர் சிலாகையில் ஓடி வந்து, கடைசியில் இருந்த பனல் லைட்டின் முதுகில் சொட்டுகிறது. வேறு எங்கும் ஓட்டை இல்லாத சீலிங்கில் தண்ணீருக்கு இறங்க வழி அந்த லைட் துவாரம்தான், ஒழுக்கு ஆறடி தள்ளி இருந்தாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும்.

பிரேக்கர்களை எல்லாம் விழுத்திவிட்டு ட்றிப்பைத் தூக்கி, ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த வரிசையில் பிழை. ஆனால் எல்லாப் பிரேக்கரும் விழுந்த நிலையிலும் ட்றிப் நிற்காமல் போகலாம். இதில்தான் பலபேர் குழம்பி ட்றிப் சுவிச் பழுது என்று புதிது வாங்குகிறார்கள். பிரேக்கர் லைனை மட்டும்தான் வெட்டுகிறது. ஈரத்தில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் வேறு எது ஓடினாலும், சில நேரம் ஒன்றும் ஓடாமலும், ட்றிப் விழும். அப்போது மெயினை நிறுத்திவிட்டு லைட்டுகளைக் கீழே இறக்கிப் பாருங்கள், தட்டுக்குள் தண்ணீர்க் கோடோ துரு நிறமோ இருக்கிறதுதான் உங்கள் ஆள். அதைக் கழற்றி, வயர் நுனிகளைத் துடைத்து, தனித்தனியாகக் கொனெக்ரரில் மூடிவிட்டு மெயினைப் போட்டால் ட்றிப் நிற்கும். நிற்காவிட்டால் வயரிங்காரர் வந்து மெயின் போட்டில் நியூட்ரலை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், அது எங்கள் வேலை இல்லை.

நனைந்த ட்றைவரை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். அதை விட முக்கியம், ட்றிப் தொல்லை தருகிறது என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுக்கச் சொல்லாதீர்கள், கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வெட்டுகிற சாமான் அது, ஈரச் சுவரில் கை வைக்கிற ஆளைக் காப்பாற்ற வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. மாதம் ஒருக்கா அதன் சின்னப் பொத்தானை அமத்தி விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூரை ஒழுக்கை நிறுத்தாமல் லைட்டை மாற்றுவது வீண் வேலை என்று சொல்லவே தேவையில்லை.

ஒரு பக்கம் தொங்குகிறது

ஓட்டை பெரிதாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது ஸ்பிரிங் துருப்பிடித்து இளகியிருக்கும். கடதாசி மடித்துச் செருகுவதெல்லாம் ஒரு கிழமைக்கு. மெல்லிய பிளைவுட்டில் வளையம் ஒன்று வெட்டி மேலே வைத்தால் ஸ்பிரிங்குக்குப் பிடி கிடைக்கும். பிவிசி பனல் சீலிங்கில் இது கட்டாயம், அந்த மெல்லிய பிளாஸ்ரிக்கை ஸ்பிரிங் நாளடைவில் அமத்தி நசித்துவிடும். ஓட்டை நன்றாகப் பெருத்துவிட்டதென்றால் ஒரு அளவு பெரிய லைட் வாங்குங்கள், அளக்க வேண்டியது ஓட்டையின் குறுக்களவை, பழைய லைட்டின் விளிம்பை இல்லை.

பூச்சி, புழுதி, பல்லி எச்சம்

முதல் மழைக்கு ஈசல், வயல் விளைகிற காலத்தில் பச்சைப் பூச்சி. தட்டுக்குள் செத்துக் கிடக்கிறவை கீழே இருந்து போனவை இல்லை, கூரைப் பக்கத்தால் வந்து சூடான முதுகில் இருக்கிற துவாரங்களால் நுழைந்தவை. தட்டைத் திறந்து தூரிகையால் துடைக்கலாம், விளிம்பைச் சுற்றிச் சிலிக்கன் பூசலாம், ஆனால் முதுகை முழுக்க மூடி ஒட்டிவிடாதீர்கள், வெக்கை போக வழி வேண்டும்.

மேலே போனதோடு வயரையும் பார்த்துவிடுங்கள். எலியும் அணிலும் கடித்த இடத்தில் செம்பு மினுங்கும். கடிபட்ட வயருக்குமேல் ரேப் சுற்றுவது போதாது, அந்தத் துண்டை மாற்றிக் குழாய்க்குள் விடுங்கள்.

ஹலஜன் ஸ்பொட் லைட் இரைகிறது

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய வயரிங் என்றால் 12 வோல்ட் ஹலஜன் ஸ்பொட் இருக்கலாம், 50 வாட், கை வைத்தால் வெந்துவிடும். அதற்கு எல்ஈடி பல்ப் வாங்கிப் போட்டதும் இரைச்சலும் துடிப்பும் தொடங்கினால் காரணம் மேலே இருக்கிற ட்ரான்ஸ்ஃபோமர். குறைந்தது இத்தனை வாட் ஓட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும், 5 வாட் எல்ஈடி அதற்குப் பத்தாது. ட்ரான்ஸ்ஃபோமரைக் கழற்றி எறிந்துவிட்டு 230 வோல்ட்டுக்கு நேரே மாட்டுகிற ஜியூ10 ஹோல்டரும் அதற்குரிய பல்ப்பும் போட்டால் பிரச்சினை முடிந்தது. 12 வோல்ட் பல்ப்பை மறந்துபோய் நேரே மெயினில் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றைக் கழற்றினேன், மற்றது எல்லாம் செத்துப்போச்சு

பயப்பட ஒன்றுமில்லை. சுவிச்சிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் தனி வயர் போவதில்லை, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகிறது. நீங்கள் கழற்றிய இடத்தில் வருகிற வயர் ஒரு சோடி, போகிற வயர் ஒரு சோடி இருந்திருக்கும். லைனை லைனோடு, நியூட்ரலை நியூட்ரலோடு, எர்த்தை எர்த்தோடு சேர்த்து மூடிப் பெட்டிக்குள் வைத்தால் மற்றவை எரியும். கழற்ற முன் போனில் ஒரு படம் எடுத்திருந்தால் இதற்கு அரை நாள் போயிருக்காது, எனக்குப் போனது.

சங்கிலியின் கடைசி லைட் என்றால் ஒரு சோடிதான் இருக்கும். அதை மூடி மட்டும் வைக்காமல், முந்திய லைட்டில் இருந்தே அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். யாரும் அறியாமல் கரண்ட் ஓடுகிற நுனி ஒன்றை எலிக்குப் பக்கத்தில் விட்டு மூட வேண்டாம்.

லைட்டில் பிழை இல்லை, எனக்குத்தான் பிடிக்கவில்லை

கதிரையில் சாய்ந்தால் கண்ணுக்குள் அடிக்கிறது, ஹோல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, பதினாறும் போட்டால் பில் ஏறுகிறது. எல்லாம் நியாயமான காரணம். கழற்றுவது பத்து நிமிடம். ஓட்டையை என்ன செய்வது என்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது, அது உங்கள் சீலிங் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது.

மூட வேண்டாம், வேறு லைட் போடலாம் என்றால் இலகுவானது மேலே ஒட்டி நிற்கிற வகைப் பனல். ஓட்டையை விட ஒன்றரை இஞ்சியாவது அகலமாக வாங்குங்கள், விளிம்பு ஓட்டையை மறைத்துவிடும். ஓட்டைக்கு மேலே குறுக்காக ஒரு சிலாகைத் துண்டு வைத்து அதில் ஸ்குரூ அடியுங்கள், சீலிங் தட்டில் மட்டும் அடித்தால் நிற்காது. வெக்கை குறைவான பக்கத்தில் ட்றைவர் நிற்பதால் இது பதித்ததை விட நீண்ட நாள் உழைக்கும் என்று மச்சான் சொல்கிறார், எங்கள் வீட்டில் போட்ட இரண்டும் இன்னும் எரிகிறது. தொங்கு லைட் போடுவதென்றால் பாரம் கொளுக்கியில் நிற்க வேண்டும், வயரில் இல்லை. ஃபான் மாட்ட இந்த ஓட்டையைப் பாவிக்காதீர்கள். ஃபானுக்கு மேலே வளையில் கொளுத்திய கம்பி வேண்டும், அது வேறு வேலை.

மூடுவதென்றால்:

2க்கு 2 அடிச் சதுரத் தட்டு அலுமினியச் சட்டத்தில் கிடக்கிற சீலிங் உங்களுடையது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஓட்டைத் தட்டை மேலே தள்ளிச் சரித்து எடுத்துவிட்டுப் புதுத் தட்டு ஒன்றை வையுங்கள். நிறம் கொஞ்சம் மாறித் தெரிந்தால் மூலையில் இருக்கிற பழைய தட்டை நடுவுக்கும் புதியதை மூலைக்கும் மாற்றிவிடுங்கள்.

ஜிப்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியாமல் மூட முடியும், ஆனால் பொறுமை வேண்டும். வட்ட ஓட்டையைச் சதுரமாக வெட்டிவிடுங்கள், சதுரத்துக்குத் துண்டு வெட்டுவது இலகு. இரண்டு மரச் சட்டத்தை ஓட்டைக்குள்ளால் விட்டு மேலே குறுக்காகப் பிடித்து, கீழிருந்து ஸ்குரூ அடித்து நிறுத்துங்கள். அதே தடிப்பில் ஜிப்சம் துண்டு வெட்டி அந்தச் சட்டத்தில் பொருத்துங்கள். தடிப்பு மாறினால் எத்தனை பூச்சுப் பூசினாலும் மேடு தெரியும். மூட்டில் வலை ரேப் ஒட்டி, ஜிப்சத்துக்கென்று விற்கிற பூச்சை மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, இன்னும் அகலமாக இரண்டாவது, காயவிட்டு மூன்றாவது. ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் வெடிக்கும். தேய்க்கும்போது டோர்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். கடைசியில் பெயின்ற் அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் திட்டுத் தெரியும், சீலிங் முழுக்க அடிக்க வேண்டும். மூன்று ஓட்டை மூடப் போய் ஹோல் முழுக்க அடித்தவன் நான்.

பிவிசி பனல் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி நிற்பது. நடுவில் இருக்கிற ஒன்றை இழுத்து எடுக்க முடியாது, சுவர்க்கரையிலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு ஓட்டைக்கு அந்தப் பாடு தேவையா என்று யோசியுங்கள். ஓட்டையை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்ட மூடி வாங்கி, மேலே குறுக்குச் சிலாகை வைத்துப் பொருத்தினால் போதும். மூடி இருப்பது தெரியும்தான். தெரியட்டும்.

தட்டையான அஸ்பெஸ்ரஸ் சீட் சீலிங்கில் வெட்டவோ உரஞ்சவோ துளைக்கவோ போகாதீர்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது, வருத்தம் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அஸ்பெஸ்ரஸ் இல்லாத சீமெந்து சீட்டும் இருக்கிறது, ஆனால் பார்வையில் இரண்டையும் பிரித்தறிய முடியாது, ஆகவே பழைய சீட் எல்லாம் அதுதான் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கிற ஓட்டைக்கு மேல் பெரிய மூடியைப் பசை வைத்து ஒட்டலாம், ஒன்றும் வெட்டத் தேவையில்லை. விளிம்பைத் துடைப்பதென்றால் ஈரத் துணியால் துடையுங்கள், தும்புத்தடியால் கூட்ட வேண்டாம்.

பலகைச் சீலிங்குக்குத் தச்சரைக் கேளுங்கள், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கழற்றியவற்றை எறியாதீர்கள். நல்ல ட்றைவரைத் தனியாகவும் நல்ல தட்டைத் தனியாகவும் ஒரு பெட்டியில் போட்டு, எத்தனை மில்லி அம்பியர் என்று ரேப் ஒட்டி எழுதி, அறைக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் மிச்சம் நிற்கிற ஒன்பதுக்கும் இப்போது உதிரிச் சாமான் அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் போகிறது. மெயின் போட்டு மூடியின் உட்பக்கத்திலும் எந்தெந்த இடத்தில் லைட் கழற்றி மூடியிருக்கிறது, மூட்டுப் பெட்டி எந்தச் சிலாகையில் இருக்கிறது என்று பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் வந்து பார்த்த அண்ணா அந்த எழுத்தைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்.